வீட்டு நூற்சேர்க்கையிலிருந்து பொது நூலகத்துக்கு: யாழ்ப்பாணம், 1933–1935

யாழ்ப்பாணப் பொது நூலகம் ஒரு வீட்டில் தொடங்கியது. 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டிலிருந்த நூல்களையும் பருவ இதழ்களையும் மற்றவர்கள் இலவசமாக வாசிக்கக் கொடுத்தார். அவ்வாண்டு டிசெம்பரில், யாழ்ப்பாணத்துக்கு இலவசத் தமிழ் நூல்நிலையம் ஒன்று வேண்டுமென்று வேண்டுகோளும் விடுத்தார். நூலகத்தைப் பற்றிய எழுத்துகள் 1959இன் வெண்ணிறக் கட்டடத்தையும் 1981இன் தீயையும் சுற்றியே வருகின்றன. வீட்டுப் பருவம் அவற்றில் ஒரு வரியோடு முடிந்துவிடும். நூலகத்தின் 'பொது' என்ற அடைமொழி பொருள் பெற்றதோ கட்டடம் எழுவதற்கு இரு தசாப்தங்களுக்கு முன்பு, வீட்டைவிட்டு நூல்கள் வெளியேறிய அந்த ஓராண்டில்தான்.

வீட்டில் நூல் இருப்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. பண்டிதர், வைத்தியர், சோதிடர் வீடுகளில் ஏடுகள் தலைமுறையாகக் காக்கப்பட்டன. அறிமுகமும் நம்பிக்கையும் உள்ளவருக்கு அவை இரவலாகக் கிடைத்தன. வீட்டில் வாசிப்பவர் எப்போதும் விருந்தாளியே. வீட்டுக்காரர் எவ்வளவு தாராளமானவராயினும், யார் படலையோடு நிற்பது, யார் விறாந்தை வரை வருவது என்பதை அன்றைய யாழ்ப்பாணத்தில் சாதி வகுத்திருந்தது. பள்ளிக்கூடங்களில் சம ஆசனம் கொடுப்பதே 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரும் சச்சரவாக இருந்தது. இடமாற்றம் மட்டும் அந்தத் தடையை நீக்கிவிடாது என்பது உண்மை. ஆயினும் உரிமை என்ற பெயரில் ஒருவர் உள்ளே வருவதற்கு, முதலில் அந்த இடம் எவருடைய வீடாகவும் இல்லாமற் போகவேண்டியிருந்தது.

அந்த மாற்றம் மூன்று படிகளில் நிகழ்ந்தது. 1934 யூன் 9இல் கூடிய கூட்டத்தில் நீதிபதி சி. குமாரசாமியைத் தலைவராகவும் செல்லப்பாவைச் செயலாளராகவும் கொண்ட குழு அமைந்தது. தனிமனிதர் முயற்சி குழுவின் பொறுப்பாயிற்று. ஓகஸ்ட் 1இல் ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த சிறிய அறையில் 844 நூல்களோடும் ஏறத்தாழ முப்பது பத்திரிகை, சஞ்சிகைகளோடும் நூல்நிலையம் திறக்கப்பட்டது. இடம் வீட்டிலிருந்து வீதிக்கு வந்தது. 1935 சனவரி 1இல் நகரசபை அதனை ஏற்றபோது செலவும் உரிமையும் ஊருடையவாயின. மூன்றில் கடைசிப் படியே தீர்மானகரமானது. குழு கலைந்தால் வாடகை அறை பூட்டப்படலாம். சபையின் சொத்தை அவ்வளவு எளிதில் பூட்ட முடியாது.

தஞ்சாவூர் சரசுவதி மகால் இதற்கு நேர்மாறான வழியில் பொதுவானது. அரச குடும்பத்தின் நூற்சேர்க்கை 1918இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது, ஏடுகள் அரண்மனை வளாகத்தைவிட்டு நகரவில்லை. உரிமை மட்டும் கைமாறியது. அதனால் மன்னர் சரபோசியின் பெயரும் அரண்மனையின் மதிப்பும் இன்றுவரை நூலகத்தோடு ஒட்டியிருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் நூல்கள் வீட்டைவிட்டுப் போயின. தொடக்கியவரின் பெயர் ஊர்நினைவில் மங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

பிந்திய வரலாறு பலரும் அறிந்தது. 1936இல் நூலகம் நகர மண்டபத்துக்கு அருகே மாறியது. சாம் சபாபதி மாநகர முதல்வராக இருந்த காலத்தில் புதிய கட்டடத்துக்கான முயற்சி வலுத்தது. களியாட்டு விழாக்களால் நிதி சேர்ந்தது. புனித பத்திரிசியார் கல்லூரி அதிபர் லோங் அடிகளார் முன்னின்று உழைத்தார், நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். சென்னைக் கட்டடக் கலைஞர் வி. எம். நரசிம்மன் திராவிடப் பாணியில் வரைபடம் தந்தார். 1954 மார்ச் 29இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1959 ஒக்டோபர் 11இல் முதல்வர் அல்பிரட் துரையப்பா கட்டடத்தைத் திறந்துவைத்தார். ஆனந்த குமாரசாமி, ஐசக் தம்பையா போன்றோரின் தனிச் சேர்க்கைகளும் காலப்போக்கில் வந்து சேர்ந்தன. ஒரு வீட்டுச் சேர்க்கையிலிருந்து பிறந்த நூலகம், பிற வீட்டுச் சேர்க்கைகளுக்கும் அடைக்கலமாயிற்று. 1981 மே 31 இரவு மூட்டப்பட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தபோது, அந்தச் சேர்க்கைகளும் சாம்பலாயின. வீடுகளில் சிதறிக் கிடந்திருந்தால் அவற்றிற் சில தப்பியிருக்கக்கூடும் என்ற கசப்பான எண்ணத்தை இங்கே தவிர்க்க முடிவதில்லை.

1982இல் ஊரார் நூலக வாரம் நடத்தி ஆயிரக்கணக்கான நூல்களைச் சேர்த்தனர். அது, 1933இன் வேண்டுகோளைப் போலவே, தனியார் கையிலிருந்த நூல்களைப் பொதுவில் கொண்டுவந்து சேர்க்கும் முயற்சி. திருத்தப்பட்ட கட்டடம் உள்நாட்டுப் போரில் மீண்டும் சேதமுற்றது. 2004இல்தான் வாசகருக்குத் திறக்கப்பட்டது.