மூடிய பாதையும் ஓய்ந்த முயற்சியும்: சிபேப் கருவிகளின் வகைப்பாட்டைப் பற்றி ஒரு மறுவாசிப்பு

உறங்குபவருக்கு மூக்கு வழியே தொடர் அழுத்தம் தரும் சிபேப் கருவி காலையில் அளிக்கும் அறிக்கையில், முந்தைய இரவில் மூச்சு நின்ற நிகழ்வுகள் 'அடைப்பு' என்றும் 'மையம்' என்றும் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. இந்தப் பிரிவை உறக்க ஆய்வகம் செய்யும் பிரிவுக்கு ஈடாகக் கொள்ளலாம் என்ற கருத்து ஆய்வுலகில் ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. அந்தக் கருத்து பாதி சரி என்பதே இக்கட்டுரையின் வாதம். 'பாதை திறந்திருந்தது' என்று கருவி சொன்னால், அதிலிருந்து 'மைய வகை' என்ற முடிவுக்குப் போக வலுவான இயற்பியல் நியாயம் உண்டு. 'பாதை மூடியிருந்தது' என்று சொன்னால், அதிலிருந்து 'அடைப்பு வகை' என்ற முடிவுக்குப் போக அந்த வலு இல்லை. அறிக்கையோ இரண்டையும் ஒரே உறுதியுடன் அச்சிடுகிறது.

வாதத்துக்குள் போகுமுன் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தமிழில் 'உறக்க மூச்சுத்தடை' என்று எழுதிப் பழகிவிட்டோம். மூலமான கிரேக்கச் சொல்லில் தடை எதுவும் இல்லை. மூச்சு இல்லை என்பதே அதன் பொருள். மூச்சு ஏன் இல்லை என்ற கேள்விக்குத் தமிழ்ச் சொல் முன்கூட்டியே விடை சொல்லிவிடுகிறது. 'மைய மூச்சுத்தடை' என்று எழுதும்போது எதுவும் தடுக்காத ஒரு தடையைப் பற்றிப் பேசுகிறோம். இங்கே 'மூச்சின்மை' என்ற சொல்லையே ஆள்கிறேன். இது சொல் நுணுக்கம் பார்ப்பது அன்று. காரணத்தைப் பெயருக்குள் புதைக்கும் இதே பிழையைத்தான் கருவியின் அறிக்கையும் வேறொரு வடிவில் செய்கிறது.

1. கருவி கேட்கும் கேள்வி

அடைப்பு, மையம் என்ற பாகுபாடு முயற்சியை அடிப்படையாகக் கொண்டு பிறந்தது. 1960களின் நடுவில் மார்சேயில் ஆன்ரி காஸ்தோவும் அவர் குழுவினரும் உறங்குபவரின் காற்றோட்டத்தையும் மூச்சுக்கான உடலசைவையும் சேர்த்துப் பதிவு செய்தனர். காற்று நின்ற பிறகும் மார்பு போராடினால் ஒரு வகை, மார்பும் ஓய்ந்துகிடந்தால் இன்னொரு வகை. அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தின் கையேடு இன்றும் இதே அளவுகோலை வைத்திருக்கிறது. காற்றோட்டம் 90 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்து 10 நொடியேனும் நீடித்தால் அது மூச்சின்மை. எந்த வகை என்று தீர்ப்பளிப்பவை மார்பிலும் வயிற்றிலும் கட்டிய பட்டிகள்.

வீட்டில் பட்டிகள் இல்லை. காற்றை ஊதும் விசிறி, ஒரு குழாய், மாஸ்க், அவற்றின் ஊடே அளக்கப்படும் அழுத்தமும் ஓட்டமும் மட்டுமே கருவியின் கையிருப்பு. ஆகவே அது வேறொரு கேள்வியைக் கேட்கிறது. மூச்சு நின்றதாக உணர்ந்ததும், ரெஸ்மெட் நிறுவனத்தின் கருவி ஓடிக்கொண்டிருக்கும் அழுத்தத்தின்மேல் 1 செ.மீ. நீர் அளவுள்ள சிற்றலையை நொடிக்கு 4 முறை ஏற்றுகிறது. மூச்சின் தாளம் நொடிக்குக் கால் முறை அளவு, இதயத்தின் தாளம் ஏறக்குறைய ஒரு முறை. அலை இரண்டையும் தாண்டி நிற்பதால் அதன் எதிரொலியைப் பிரித்தெடுப்பது எளிது. சிற்றழுத்தத்துக்கு ஈடான ஓட்டம் எழுந்தால் பாதை திறப்பு, எழாவிட்டால் மூடல். பிலிப்ஸ் ரெஸ்பிரானிக்ஸ் கருவிகள் தொடரலைக்குப் பதிலாகத் தனித்தனி அழுத்தத் துடிப்புகளை அனுப்பி இதே கேள்வியைக் கேட்கின்றன. கொள்கை புதியதன்று, 1956இல் டுபாய்ஸ் குழுவினர் நுரையீரல், மார்புக்கூடு ஆகியவற்றின் இயக்கத்தை ஆராயக் கையாண்ட அலைவு முறையின் வாரிசு இது.

இச்சோதனை வருவதற்கு முன் ரெஸ்மெட்டின் தானியங்கிக் கருவிகள் அழுத்தம் 10 செ.மீ.யைக் கடந்ததும் மூச்சின்மைக்காக மேலும் ஏற்றுவதை நிறுத்திக்கொண்டன. எது எந்த வகை என்று அறிய வழியில்லாத காலத்தில், மைய வகைக்கு வீணே அழுத்தம் ஏற்றிவிடக் கூடாது என்று போட்ட கோடு அது. அலைச் சோதனை வந்ததும் அந்தக் கோடு தேவையற்றுப் போயிற்று. அது பெரிய முன்னேற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஒரே கேள்வியைக் கேட்ட இரு நிறுவனங்களும் விடைக்கு வேறு வேறு பெயர் வைத்தன என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பிலிப்ஸ் அறிக்கை திறந்த பாதை மூச்சின்மை, அடைபட்ட பாதை மூச்சின்மை என்று எழுதுகிறது. ரெஸ்மெட் அறிக்கை மையம், அடைப்பு என்று எழுதுகிறது. முன்னது அளந்ததைச் சொல்கிறது. பின்னது அளந்ததிலிருந்து ஊகித்ததைச் சொல்கிறது. ஆய்வுக் கட்டுரைகள் இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கூட்டுகின்றன.

2. இரண்டு ஊகங்கள், இரண்டு எடைகள்

திறப்பிலிருந்து தொடங்கலாம். பாதை திறந்திருக்கிறது, உதரவிதானமும் இழுக்கிறது என்றால் காற்று ஓடியே தீரும். காற்று ஓடவில்லை, பாதையோ திறந்திருக்கிறது. எனில் இழுப்பு இல்லை. இந்த ஊகத்துக்குப் பட்டிகள் தேவையில்லை. இதற்கு இரண்டு மறுப்புகள் கூறப்படுவதுண்டு. பாதை உள்ளிழுக்கும்போது மட்டும் ஒட்டிக்கொண்டு, இடையில் அலை சோதிக்கும்போது திறந்திருக்கலாமே என்பது ஒன்று. அப்படித் திறந்தால் வெளிமூச்சாவது சிறிது எட்டிப்பார்த்திருக்கும். ஓட்டம் முற்றிலும் அடங்கியிருக்காது. வாய் வழியே காற்று கசிந்தால் கருவி சோதிப்பது தொண்டையை அன்று, கசிவை என்பது இன்னொன்று. இது உண்மை. கசிவு பெரிதானால் கருவியே வகை சொல்ல மறுத்து 'அறியப்படாதது' என்று எழுதிவிடுகிறது. எஞ்சுவது சிறு பிழை.

மூடலிலிருந்து செய்யும் ஊகத்துக்கு இத்தகைய பாதுகாப்பு இல்லை. பாதை மூடியிருக்கிறது என்ற செய்தி இழுப்பு இருந்ததா என்பதைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. பூட்டிய கதவுக்குப் பின்னால் ஆள் தட்டிக்கொண்டிருக்கலாம், வீட்டில் ஆளே இல்லாமலும் இருக்கலாம். தர்க்கப்படி இரண்டுக்கும் இடமுண்டு என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆள் இல்லாத வீடு மிக அரிது, எனவே நடைமுறையில் பொருட்படுத்த வேண்டியதில்லை என்றுதான் சொல்லப்படுகிறது. அரிதா என்பதே கேள்வி.

3. 1995ஆம் ஆண்டுக் கட்டுரையை மீண்டும் படித்தல்

இக்கேள்விக்கு நேரடிச் சான்று தருவது சஃப்வான் பதர், ஜெரோம் டெம்ப்சி முதலியோர் 1995இல் ஜர்னல் ஆஃப் அப்ளைடு ஃபிசியாலஜி இதழில் வெளியிட்ட ஆய்வு. உறங்குபவரின் மூக்கு வழியே ஒளியிழைக் குழாயை இறக்கி, மைய மூச்சின்மை நிகழும்போது தொண்டை என்ன செய்கிறது என்று அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். ஆய்வுக்கு வந்தவர்கள் நலமுள்ளோர் 6 பேர், உறக்க மூச்சின்மையோ மூச்சுக்குறைவோ உள்ளோர் 6 பேர். தாமாக வரும் மைய மூச்சின்மை உடையவர்களிடம் கண்ட 160 நிகழ்வுகளில் 146இல் தொண்டை முழுவதுமாக மூடிக்கொண்டது. இயந்திரத்தால் மிகைமூச்சு கொடுத்து, இரத்தத்தில் கரியமில வாயுவைக் குறைத்து வரவழைத்த நிகழ்வுகளில், நோயுள்ளோரிடம் 44க்கு 31 முழு மூடல். நலமுள்ளோரிடம் 25க்கு 3.

இந்த எண்களைப் பிற்கால எழுத்துகள் நடத்தும் விதம் வியப்பளிக்கிறது. கட்டுரை மேற்கோளாகத் தவறாமல் வருகிறது. அடுத்த வாக்கியத்திலேயே அது ஆய்வகச் சூழலின் விளைவு என்று ஒதுக்கப்படுகிறது. ஒதுக்குவதற்குச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று.

குழாயே தொண்டையைத் தூண்டி மூடச் செய்திருக்கலாம் என்பது முதலாவது. இதற்கான விடை கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது. நலமுள்ளோரின் மூக்கிலும் அதே குழாய்தான் இறங்கியது. அவர்களிடம் மூடல் 25க்கு மூன்றுதான். இதற்குமேல் இந்த ஐயத்தை வளர்ப்பதில் பயனில்லை.

எண்ணிக்கை சிறிது என்பது இரண்டாவது. இதில் நியாயம் உண்டு. 160 என்பது 160 பேரன்று. தாமாக வந்த நிகழ்வுகள் நால்வரிடம் மட்டுமே பார்க்கப்பட்டவை. ஒருவரின் ஓரிரவில் வரும் நிகழ்வுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஆகவே 146/160 என்ற விகிதத்தை நோயாளிகள் அனைவருக்கும் நீட்டுவது தவறு. அப்படி நீட்ட நான் கேட்கவில்லை. ஒரு நிகழ்வு அரிதா என்ற கேள்விக்கு, அது முதலில் விதிவிலக்காகத் தோன்றுகிறதா, வழக்கமாகத் தோன்றுகிறதா என்பது பொருளற்ற தகவல் அன்று. உள்ளிழுக்கும் முயற்சியே இல்லாமல் தொண்டை மூட முடியும், நோயுள்ள தொண்டையில் அடிக்கடி மூடுகிறது என்ற அளவோடு நிறுத்திக்கொண்டாலும் 'மூடல் எனில் அடைப்பு' என்ற சமன்பாடு உடைந்துபோகிறது.

மூன்றாவது காரணம்தான் கனமானது. அந்த மூடல்கள் சிபேப் அழுத்தம் தாங்கிநிற்காத தொண்டையில் நடந்தவை. 1981இல் காலின் சல்லிவன் குழுவினர் சிட்னியில் ஐந்து நோயாளிகளிடம் காட்டியதே, மூக்கு வழியே தரும் தொடர் அழுத்தம் தொண்டையை உள்ளிருந்து தாங்கி நிறுத்தும் என்பதுதான். அப்படித் தாங்கப்பட்ட தொண்டை, முயற்சி ஓய்ந்தாலும் ஏன் மூட வேண்டும்?

அழுத்தம் போதுமானதாக இருக்கும்வரை மூடாது. அதுவரை இந்த வாதம் சரி. ஆனால் தானியங்கிக் கருவியின் வடிவமைப்பு போதுமான அழுத்தத்துக்குமேல் பாதுகாப்பாக உட்கார்ந்திருப்பதன்று. நிகழ்வு இல்லாதபோது மெல்ல இறங்கி, நிகழ்வு வந்ததும் ஏறி, மூடலின் விளிம்பைத் தேடிக்கொண்டே இருப்பது அதன் இயல்பு. தொண்டையைத் திறந்து பிடிக்கும் தசைகளுக்கும் மூச்சை இழுக்கும் தசைகளுக்கும் மூச்சுக்கான கட்டளை சேர்ந்தே வருகிறது. கட்டளை தளரும்போது இரண்டும் தளர்கின்றன. விழித்திருப்பவரிடமும், மூச்சு சீராக வரும் உறக்கத்திலும் போதுமாயிருந்த அழுத்தம் அந்த நொடியில் போதாமல் போகிறது. இங்கே மூடல் மூச்சின்மைக்குக் காரணம் அன்று. ஓய்ந்துபோன கட்டளையின் இன்னொரு விளைவு. முயற்சி மீண்ட பிறகும், விழிப்பின் அறிகுறி மூளையலையில் தெரியாதவரை, குறுக்கமோ மூடலோ நீடித்தது என்றும் 1995ஆம் ஆண்டுக் கட்டுரை குறிப்பிடுகிறது. மையமாகத் தொடங்கியது அடைப்பாக முடிகிறது. அலைச் சோதனைக்கு இந்தக் கதையின் தொடக்கம் தெரிய வழியில்லை.

கருவியின் எண்ணிக்கை ஆய்வகத்தின் எண்ணிக்கையோடு நன்றாக ஒத்துப்போகிறதே என்பார்கள். ஒத்துப்போவது பெரும்பாலும் மணிக்கு எத்தனை நிகழ்வுகள் என்ற கூட்டுத்தொகை. வகைகளைத் தனியே ஒப்பிட்டாலும், பெரும்பான்மை அடைப்பு வகையாக உள்ள ஒரு கூட்டத்தில், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் 'அடைப்பு' என்று எழுதும் கருவிகூட நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். அந்த ஒப்புமை இங்கே எழும் கேள்வியைத் தொடவே இல்லை.

4. இந்த வேறுபாடு எங்கே உறைக்கிறது

வகை தவறினால் என்ன, மூடிய பாதைக்கு அழுத்தம்தானே மருந்து என்று கேட்கலாம். பாதி சரி, மூடிய மைய நிகழ்வுக்கும் பாதையைத் திறந்துவைப்பது நல்லதுதான். ஆனால் மிகைமூச்சால் ஏற்கெனவே கரியமில வாயு குறைந்திருப்பவருக்கு அழுத்தம் ஏறுவது அடுத்த மூச்சின்மைக்கு விதையாகலாம். 'மைய வகை மேலோங்கியவர் யார்' என்ற கேள்வியின் எடை 2015இல் வெளிவந்த செர்வ்-எச்எஃப் ஆய்வில் தெரிந்தது. இதயத்தின் வெளியேற்றுத் திறன் குன்றி, மைய மூச்சின்மை மேலோங்கிய 1,325 பேர் அதில் இருந்தனர். மூச்சுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் காற்றூட்டக் கருவி பெற்றவர்களிடம் இதயநோய் மரணங்கள் கூடின. அங்கே வகைபிரித்தது வீட்டுக் கருவியன்று. அதனால் இந்த உதாரணத்தை அளவுக்கு மீறி இழுக்க விரும்பவில்லை. வகைப்பெயருக்கும் உயிருக்கும் உள்ள தொலைவு குறைவு என்று காட்ட மட்டும் அது போதும்.

இன்னொரு விளைவு என்னை அதிகம் உறுத்துகிறது. சிபேப் தொடங்கியபின் சிலரிடம் அடைப்பு நிகழ்வுகள் குறைந்து மைய நிகழ்வுகள் தலைகாட்டுகின்றன. சிகிச்சை உண்டாக்கிய மைய மூச்சின்மை என்று இதற்குப் பெயர். மேலே சொன்னவை சரியெனில் இதில் ஒரு பங்கேனும் உண்டாக்கப்பட்டதன்று, வெளிப்பட்டது. முன்பும் முயற்சி ஓய்ந்தே மூச்சு நின்றது. தொண்டை மூடியிருந்ததால் கருவி அதை அடைப்பு என்று எழுதியது. அழுத்தம் ஏறித் தொண்டை திறந்ததும் அதே நிகழ்வு மையம் என்ற பெயரில் வருகிறது. பலரிடம் இது சில வாரங்களில் மறைவதால், சிகிச்சையின் தற்காலிக விளைவு என்ற பழைய விளக்கமே சரி என்று கூறப்படுவதுண்டு. மறைவது எதையும் நிறுவவில்லை. இரவெல்லாம் விழிப்புகள் குறைந்து மூச்சு நிலைப்பட்டால், பழைய மைய நிகழ்வுகளும் அவ்வாறே மறையும்.

இரண்டு விளக்கங்களையும் பிரித்துக்காட்ட வழியுண்டு. அழுத்தத்தை ஒரு படி உயர்த்தும்போது மூடிய நிகழ்வுகள் உண்மையில் அடைப்பு என்றால், அவை குறையும் அளவுக்கு மொத்த எண்ணிக்கையும் குறைய வேண்டும். சிகிச்சைதான் மைய நிகழ்வுகளை உண்டாக்குகிறது என்றால், அவை மூடிய நிகழ்வுகளின் நேரத்தையும் இடைவெளியையும் சாராமல் புதிதாக முளைக்க வேண்டும். நான் சொல்வது சரியென்றால் மொத்தம் அசையாது. மூடியவை குறைந்த அளவுக்குத் திறந்தவை கூடும், நிகழ்வுகளுக்கு இடையிலான இடைவெளியும் முன்பிருந்ததுபோலவே இருக்கும். இதற்குப் புதிய கருவியோ தொண்டையில் இறக்கும் குழாயோ வேண்டியதில்லை. அறிக்கையில் 'மையம்', 'அடைப்பு' என்பதற்குப் பதில் 'திறந்தது', 'மூடியது' என்று எழுதத் தொடங்கினால் போதும். எண்ணிப் பார்க்க வேண்டிய இரவுகள் கருவிகளின் நினைவட்டைகளில் ஏற்கெனவே பதிவாகிக் கிடக்கின்றன.