தன்னாற்றல் திரிபு உணரி

தன்னாற்றல் திரிபு உணரி என்பது, தான் ஒட்டியிருக்கும் பொருளின் அசைவிலிருந்தே மின்சாரம் பெற்று, அப்பொருள் எந்த அளவுக்கு நெளிந்தது, எவ்வளவு நேரம் நெளிந்தது என்பதைப் பதிந்து வைக்கும் சிறு கருவி. செயற்கை மூட்டு, முறிந்த எலும்பைப் பிணைக்கும் பிளேட் முதலிய உட்பதியங்களுக்காக ஆராயப்பட்டது. பின்னர் காற்றும் வெப்பநிலை மாற்றமும் வண்டிகளும் ஒரு பாலத்தை எப்படி அலைக்கழிக்கின்றன என்று கண்காணிக்கப் பயன்பட்டது. திரிபு என்பது நீள மாற்றத்துக்கும் தொடக்க நீளத்துக்கும் உள்ள விகிதம்.

கம்பியை இழுத்தால் அதன் மின்தடை மாறும் என்பதை வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) 1856இல் செம்பு, இரும்புக் கம்பிகளில் காட்டினார். இந்த உண்மை ஒட்டக்கூடிய திரிபு அளவியாக உருவெடுக்க எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. முதலில் செய்தவர் யார் என்பதில் இரு மரபுகள் உள்ளன. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் எட்வர்ட் சிம்மன்ஸ் மோதல் விசையை அளக்கவும், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆர்தர் ரூகே நிலநடுக்கத்தில் உயர்நிலைத் தண்ணீர்த் தொட்டி எப்படி ஆடும் என்று அறியவும், ஒருவரையொருவர் அறியாமலே 1938ஐ ஒட்டி இதை வந்தடைந்தனர். காலத்தால் சிம்மன்ஸே முந்தியவர் என்பர். பரவலாகப் பயன்படும் பொருளாக்கிய பெருமை ரூகேவைச் சேரும் என்பாரும் உண்டு. சந்தைக்கு வந்த முதல் அளவியின் பெயரான எஸ்.ஆர்.-4இல் இருவரின் முதலெழுத்துகளும் உள்ளன. ரூகேவின் கண்டுபிடிப்புக்கு வணிகத்தில் பெரிய இடம் இராது என்று கருதிய அவருடைய கழகம், உரிமையை அவருக்கே விட்டுவிட்டது. நிலம் அதிர்ந்தால் ஒரு தொட்டிக்கு என்ன ஆகும் என்ற கேள்வியில் பிறந்த கருவி இது என்பது, இதன் பிற்கால வரலாற்றைப் படிப்போர் நினைவில் கொள்ளத்தக்கது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதன் பின்னரும் வானூர்திச் சோதனைகளில் இது பெருவழக்காயிற்று.

எலும்புக்குள் இதை முதலில் கொண்டு சென்றவராகப் பொதுவாகக் குறிக்கப்படுபவர் ஸ்வீடனின் நில்ஸ் ரைடெல். அவர் 1966இல் வெளியிட்ட ஆய்வில், இருவருக்குப் பொருத்திய செயற்கைத் தொடையெலும்புத் தலைகளில் திரிபு அளவிகள் இருந்தன. கம்பிகளைச் சதைக்குள்ளேயே விட்டு, காயம் ஆறிய பின் வெளியே எடுத்து அளந்தார். அதுவரை இடுப்பு மூட்டின் சுமை காகிதத்தில் கணக்கிடப்பட்டு வந்தது. ஜெர்மனியின் ஃபிரீட்ரிக் பாவெல்ஸ் 1935இல் செய்த கணக்கு அவற்றுள் புகழ்பெற்றது. கம்பி தோலைக் கடந்து வந்தால் கிருமி புகும்; ஆகவே அளவீட்டுக்கு நாள் குறைவு. வானொலி அலை வழியே அளவை வெளியே அனுப்பும் முயற்சிகள் 1970களில் தொடங்கின. பாஸ்டனில் 1984இல் ஒருவருக்குப் பொருத்திய மூட்டில், நாற்காலியிலிருந்து எழும்போது அழுத்தம் 18 மெகாபாஸ்கல் வரை சென்றது. கார்ச் சக்கரக் காற்றழுத்தத்தைப் போல இது எண்பது மடங்குக்கு மேல்.

இவ்வரலாற்றில் மிகத் துல்லியமாகப் பதிவான காலம் 1988இல் பெர்லினில் தொடங்குகிறது. கேயார்க் பெர்க்மன் தலைமையிலான குழு, டைட்டானிய மூட்டின் உட்குடைந்த கழுத்துப் பகுதிக்குள் திரிபு அளவிகளையும் மின்சுற்றையும் வைத்து முற்றாக மூடியது. உள்ளே பேட்டரி இல்லை. அளக்கும் நாளில் மட்டும் தொடையைச் சுற்றி ஒரு கம்பிச் சுருளைக் கட்டுவார்கள். மின்காந்தத் தூண்டலால் உள்ளே மின்சாரம் பிறக்கும். மூன்று திசை விசைகளும் வானொலிச் சைகையாக வெளிவரும். அந்தச் சைகையையும் நோயாளி நடக்கும் படத்தையும் ஒரே வீடியோ நாடாவில் பதிந்தார்கள். ஆகவே எந்த அடியில், எந்தத் திரும்பலில் சுமை ஏறியது என்பதைப் பின்னர் படத்தோடு வைத்துப் பார்க்க முடிந்தது. இவ்வளவு எளிய, இவ்வளவு பயனுள்ள ஏற்பாடு இத்துறையில் அரிது.

இருவரை அளந்து 1993இல் வெளியிட்ட ஆய்வில், முதலாமவர் மெதுவாக நடந்தபோது உடல் எடையைப் போல 2.8 மடங்கும், மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 4.8 மடங்கும், மெல்லோட்டத்தில் 5.5 மடங்கும் மூட்டின் மேல் விழுந்தன. இரண்டாமவர் ஓர் அளவீட்டின் நடுவே தற்செயலாகக் கால் இடறினார். அந்தக் கணத்தில் பதிவானது 8.7 மடங்கு, 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 600 கிலோவைத் தாண்டும். யாரும் திட்டமிடாத அந்த ஓர் இடறல், மூட்டு வடிவமைப்போர் மறக்கக்கூடாத எண்ணைத் தந்தது. நால்வரை அளந்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், மணிக்கு 4 கிலோமீட்டர் நடையின் சராசரி உச்சம் 2.38 மடங்கு மட்டுமே. முந்தைய எண்களுக்கும் இதற்கும் உள்ள இடைவெளிக்கு ஆளுக்கு ஆள் நடை வேறுபடுவதே முதன்மைக் காரணமாக இருக்கலாம். மிகச் சிலரை மட்டுமே அளந்த ஆய்வுகளைப் பொதுவிதியாகக் கொள்வதற்கில்லை.

அதே ஆண்டில் வந்த மற்றோர் ஆய்வு தனியே சொல்லத்தக்கது. மூட்டுக்குள் வெப்ப உணரியும் இருந்ததால், ஒரு மணி நேர நடையில் உராய்வால் மூட்டு சூடாவது தெரிந்தது, உச்சம் 43.1 பாகை செல்சியஸ். சுமையை அளக்க வைத்த உலோகம் தன்னைச் சூழ்ந்த இடத்தின் நிலையையும் சொல்லத் தொடங்கியது. பெர்லின் குழு பின்னர் தோள், முழங்கால், முதுகெலும்பு ஆகியவற்றிலும் அளந்தது. அவ்வளவுகள் ஆர்த்தோலோட் என்ற பொதுத் தொகுப்பில் படங்களோடு கிடைக்கின்றன.

வெளிச் சுருள் இன்றி, நெளிவிலிருந்தே மின்சாரம் பெறும் மற்றொரு கிளை ஜப்பானிலிருந்து வருகிறது. எலும்பை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கிறது என்று எலும்பு மருத்துவர் இவாவோ யசுதாவும் இயற்பியலர் எய்ச்சி ஃபுகாதாவும் 1957இல் காட்டினர். ஃபுகாதா பணியாற்றிய கோபயாசி கழகத்திலேயே ஹெய்ஜி கவாய் 1969இல், பாலிவினைலிடின் ஃபுளூரைடு என்ற நெகிழிப் படலத்தில் வலுவான அழுத்த மின் விளைவைக் கண்டார். நீல் எல்வின், அலெக்ஸ் எல்வின், மைரன் ஸ்பெக்டர் மூவரும் 2001இல் வெளியிட்ட தன்னாற்றல் உணரி இப்படலத்தால் ஆனது.

நிசார் லஜ்னெஃப், நீல் எல்வின், சாந்தனு சக்ரவர்த்தி ஆகியோர் 2008இல் விவரித்த சில்லு அடுத்த படி. உட்பதியம் நெளியும்போது அழுத்த மின் பொருளில் பிறக்கும் மிகச் சிறிய ஆற்றல், மின்காப்பால் சூழப்பட்ட ஒரு டிரான்சிஸ்டர் வாயிலுக்குள் எலக்ட்ரான்களைத் தள்ளுகிறது. பென் டிரைவில் தகவல் தங்குவதும் இத்தகைய வாயிலில்தான். சில்லிலுள்ள கண்ணறைகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு நெளிவுக்கே விழிக்கும். ஆகவே பேட்டரியோ கடிகாரமோ இன்றி, எந்த அளவு நெளிவு மொத்தம் எவ்வளவு நேரம் நிகழ்ந்தது என்ற கணக்கு சேர்ந்துகொண்டே இருக்கும். மீண்டும் மீண்டும் நெளிவதால் வரும் உலோகச் சோர்வை மதிப்பிட அந்தக் கணக்கு போதும்.

திறந்து பார்க்க முடியாத இடம், பேட்டரி மாற்ற முடியாத நிலை, பல்லாண்டுச் சுமை ஆகிய மூன்றும் தொடையெலும்புக்கும் பாலத்துக்கும் பொது. மிச்சிகன் மாநிலத்தின் இரு தீபகற்பங்களை இணைக்கும் மெக்கினாக் பாலம் 1957இல் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 8 கிலோமீட்டர். கடுங்காற்றில் அதன் நடுத்தளம் 35 அடி வரை பக்கவாட்டில் விலகக்கூடும் என்று பாலத்தின் நிர்வாகம் கூறுகிறது. இந்தச் சில்லின் வழிவந்த உணரிகள் அங்கே 2010களில் சோதனையாகப் பொருத்தப்பட்டன. சாலைத் தளத்துக்குள் புதைத்து அளக்கும் முயற்சியும் நடந்தது.

மருத்துவத்திலிருந்து சூழல் கண்காணிப்புக்கு வந்த முதல் உணரி இது அன்று. குருதியின் ஆக்சிஜனை அறிய லேலண்ட் கிளார்க் 1950களில் செய்த மின்முனை, ஆற்றிலும் ஏரியிலும் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்கும் வழக்கமான கருவியாயிற்று.

உடலுக்குள் வைக்கும் வணிக உட்பதியங்களோ வேறு வழியில் சென்றுள்ளன. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021இல் அனுமதித்த பெர்சோனா ஐ.க்யூ. என்ற முழங்கால் மூட்டில் பேட்டரி உண்டு. அது நடையின் வேகம், அடிகளின் எண்ணிக்கை போன்றவற்றைச் சொல்லும், மூட்டின் மேல் விழும் விசையைச் சொல்வதில்லை. பாலத்திலும் இவ்வுணரிக்கு எல்லை உண்டு. ஒட்டிய இடத்தின் நெளிவை மட்டுமே அது அறியும். இரண்டு அடி தள்ளி விழும் விரிசல் அதன் கணக்கில் வராது. ஆகவே ஆய்வாளர்கள் ஏறி நேரில் பார்க்கும் சோதனைக்கு இது துணையே தவிர மாற்று அன்று.