வீடியோ கால்: எதற்குப் போதும், எதற்குப் போதாது?

“மாப்பிள்ளை ரியாத்தில் இருக்கிறார் ஹஜ்ரத். லீவு கிடைக்கவில்லை. வீடியோ காலிலேயே நிக்காஹ் வைத்துக்கொள்ளலாமா?” ஜமாஅத்தாரிடமிருந்து இப்போதெல்லாம் நமக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. வெளிநாட்டில் இருப்பவரோடு முகம் பார்த்துப் பேசுவது அன்றாடப் பழக்கமாகிவிட்டதால், நேரில் நடக்க வேண்டியதையும் திரையில் முடித்துவிடலாம் என்று நினைக்கத் தோன்றுகிறது. அதனால் இந்த வசதி எப்படி வந்தது, எங்கே உதவுகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

கடிதத்திலிருந்து திரை வரை

நம் பெரியவர்கள் சபர் போன காலத்தில் கடிதம் வந்து சேர வாரக்கணக்கில் ஆனது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் டேப் ரெக்கார்டரில் பேசிப் பதிவு செய்த கேசட்டை, ஊருக்கு வருபவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். அவசரமென்றால் டிரங்க் கால். பிறகு எஸ்டிடி, ஐஎஸ்டி பூத்துகள் வந்தன. அங்கே பேச்சைவிட மீட்டரில் ஓடும் ரூபாயைத்தான் கண் பார்த்துக்கொண்டிருக்கும்.

முகம் பார்த்துப் பேசும் முயற்சி பழையது. 1964இல் அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் ‘பிக்சர்ஃபோன்’ என்ற கருவியை நியூயார்க் உலகக் கண்காட்சியில் காட்டியது. நியூயார்க், வாஷிங்டன், சிகாகோ நகரங்களில் பொது நிலையங்களும் திறந்தது. மூன்று நிமிடப் பேச்சுக்கு 16 முதல் 27 டாலர் கட்டணம் என்றதும் மக்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். கருவி இருந்தும், விலை எட்டாததால் அது பரவவில்லை.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் மூலம் வந்தது. 2003இல் ஸ்கைப் தொடங்கியது. அதற்குக் கணினி வேண்டும், நல்ல இணைப்பும் வேண்டும். 2016இல்தான் நம் வீடுகளில் நிலைமை மாறியது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. நவம்பரில் வாட்ஸ்அப் வீடியோ கால் வந்தது. முன்னோடியான ஸ்கைப்போ 2025 மே மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது.

மலை ஏறினால் ஏன் நின்றுவிடுகிறது?

வீடியோ காலில் நம் படமும் குரலும் சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்து இணையத்தில் போய், அந்தப் பக்கத்தில் மறுபடி சேர்கின்றன. ஒவ்வொரு நொடியும் முழுப் படமும் போவதில்லை. பெரும்பாலும் முந்தைய படத்திலிருந்து எது மாறியதோ அதுவே போகிறது. சிக்னல் குறைந்து துண்டுகள் தவறினால் படம் உறைந்துவிடும். குரலுக்குத் தேவைப்படும் டேட்டா மிகக் குறைவு என்பதால், படம் நின்ற பிறகும் பேச்சு ஓரளவு கேட்கும்.

கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலையில் ஏறுபவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த மலை வட்டம் சுமார் 2000 முதல் 3000 அடி உயரத்தில் இருக்கிறது. ஊர்கள் ஒன்றுக்கொன்று விலகி இருக்கின்றன. டவரிலிருந்து வரும் அலையை நடுவிலுள்ள குன்றுகள் மறைத்துவிடுகின்றன. இங்குள்ள மலையாளி பழங்குடிக் குடும்பங்களிலும் தோட்ட வேலைக்காகக் கேரளா, கர்நாடகா போனவர்கள் உண்டு. பிரிவு அவர்களுக்கும் நமக்கும் ஒன்றுதான். ஆனால் கீழே கள்ளக்குறிச்சியில் தெளிவாகத் தெரியும் முகம் அங்கே பல இடங்களில் கிடைப்பதில்லை.

இப்படிப்பட்ட இடங்களில் கேமராவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பேசலாம். அதுவும் முடியாவிட்டால் வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம். சிக்னல் வரும்வரை அது காத்திருந்து போய்ச் சேரும். அன்றைய கேசட் செய்த வேலையை இன்று இது செய்கிறது.

வளைகுடாவில் கவனம்

ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், ஆனால் அதன் அழைப்பு வசதிக்குத் தடை உள்ளது. போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகளையே அங்கே பயன்படுத்த வேண்டும். சவூதி 2017 செப்டம்பரில் விதிகளுக்கு உட்பட்ட செயலிகள் மீதான தடையை நீக்கியது. ஆயினும் வாட்ஸ்அப் அழைப்பு அதன் பிறகும் பல ஆண்டுகள் அங்கே கிடைக்கவில்லை.

தடையைத் தாண்ட விபிஎன் போடச் சொல்லும் நண்பர்கள் உண்டு. அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ இணைய முகவரியை மாற்றினால் சிறைத் தண்டனையோ, 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமோ விதிக்கலாம். மனைவி மக்களின் முகம் பார்க்க ஆசைப்பட்டு வேலையையே இழந்துவிடக் கூடாது. வீட்டிலிருந்து, “ஏன் வாட்ஸ்அப்பில் வரமாட்டேன் என்கிறீர்கள்?” என்று கேட்டு அவரை நெருக்கவும் வேண்டாம்.

நிக்காஹ்

இனி, தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு வருவோம். இந்த விஷயத்தில் நாட்டுச் சட்டம் வேறு, மார்க்கச் சட்டம் வேறு. 2022 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அமெரிக்காவில் இருந்த மணமகன் காணொளியில் தோன்ற, கன்னியாகுமரி மாவட்டத்தில் திருமணத்தை நடத்திப் பதிவு செய்ய அனுமதித்தது. அது சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் நடந்தது.

நிக்காஹ் விஷயத்தில், இஸ்லாமிய நாடுகள் கூட்டமைப்பின் ஃபிக்ஹ் அகாடமி 1990இல் ஜித்தாவில் கூடி ஆராய்ந்தது. வியாபார ஒப்பந்தங்களை நவீனத் தொடர்புச் சாதனங்கள் மூலம் செய்யலாம் என்று கூறிய அந்தத் தீர்மானம், சாட்சிகள் அவசியம் என்பதால் நிக்காஹை அதிலிருந்து விலக்கியது. வீடியோவை ஏற்கும் அறிஞர்கள் சிலரும் இருக்கிறார்கள். ஆனால் ஈஜாபும் கபூலும் ஒரே மஜ்லிஸில், சாட்சிகள் முன்னிலையில் நடப்பதே எந்தச் சந்தேகத்துக்கும் இடம் தராத வழி.

அப்படியானால் லீவு கிடைக்காத மாப்பிள்ளை என்ன செய்வது? அவர் இங்குள்ள ஒருவரைத் தம் வக்கீலாக நியமித்தால் போதும். அந்த வக்கீல் மஜ்லிஸில் அமர்ந்து, மாப்பிள்ளை சார்பில் கபூல் சொல்வார். இதற்கு முன்மாதிரியும் உண்டு. உம்மு ஹபீபா (ரலி) அவர்கள் அபிசீனியாவில் இருந்தபோது, மதீனாவிலிருந்த நபி (ஸல்) அவர்கள் அம்ர் இப்னு உமய்யா (ரலி) மூலம் நஜ்ஜாஷி மன்னருக்குச் செய்தி அனுப்பினார்கள். மணமகள் சார்பில் காலித் இப்னு ஸயீத் (ரலி) வக்கீலாக இருக்க, அங்கேயே நிக்காஹ் நடந்தது.

வக்கீலை நியமிக்கும்போது மாப்பிள்ளையின் முகத்தையும் குரலையும் வீடியோ காலில் உறுதி செய்துகொள்ளலாம். எழுத்திலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மஜ்லிஸை அவர் திரையில் பார்த்து மகிழவும் தடையில்லை.

கோபமும் தலாக்கும்

கோபத்தில் போனிலேயே வார்த்தையை விட்டுவிடும் கணவர்களும் உண்டு. 2019ஆம் ஆண்டு மத்திய சட்டப்படி, உடனடி முத்தலாக்கைப் பேச்சிலோ எழுத்திலோ மின்னணு முறையிலோ எப்படிச் சொன்னாலும் அது செல்லாது. சொன்னவருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறை கிடைக்கலாம். மார்க்கப்படி நிலை என்ன என்பதை ஆலிமிடம் நேரில் கேட்க வேண்டும். பேச்சு சூடாகும்போது அழைப்பைத் துண்டித்துவிட்டு மறுநாள் பேசுவதே குடும்பத்தைக் காக்கும்.

ஜனாஸா

வாப்பாவின் மவுத்துக்கு வர முடியாத மகன், திரையில் முகம் பார்த்து அழுவதை நாம் பக்கத்தில் நின்று கண்டிருக்கிறோம். போனைப் பிடித்திருந்தவரின் கையும் நடுங்கியது. முன்பு இந்த வாய்ப்பே இல்லை. அடக்கம் முடிந்து பல நாள் கழித்துக் கடிதம்தான் போய்ச் சேரும்.

ஆனாலும் சில ஒழுங்குகள் வேண்டும். குளிப்பாட்டுவதைப் படம் எடுக்கக் கூடாது. மய்யித்தின் முகத்தை மகனுக்குக் காட்டலாம், குரூப்பில் பரப்பக் கூடாது. சிக்னலுக்காகக் காத்திருந்து அடக்கத்தைத் தாமதிக்க வேண்டாம். இங்குள்ள இமாமைத் திரையில் பின்பற்றி அங்கே ஜனாஸா தொழுவது ஜமாஅத் ஆகாது. ஷாஃபிஈ மத்ஹபில் காயிப் ஜனாஸா தொழ அனுமதி உண்டு. ஹனஃபி மத்ஹபில் அது இல்லை. அவர்கள் துஆ செய்யட்டும், ஸதகா கொடுக்கட்டும்.

வீட்டில் பின்பற்ற வேண்டியவை

நேர வித்தியாசத்தை மனதில் வையுங்கள். சவூதி நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், அமீரகம் ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி நேரம் முன்னால். வேலை முடிந்து களைத்து வருபவரிடம் முதல் வார்த்தையே பணமாக இருக்க வேண்டாம். அவரும் மனைவியிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடாமல், உம்மாவிடமும் பிள்ளைகளிடமும் தனித்தனியே நேரம் ஒதுக்க வேண்டும். அறையில் மற்றவர்கள் இருக்கிறார்களா என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீட்டிலுள்ள பெண்களின் ஹிஜாப் அதில் அடங்கியிருக்கிறது.

போலீஸ் உடையில் வீடியோ காலில் தோன்றி ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டினால் உடனே துண்டித்துவிடுங்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

உறவைப் பேணுவது நம் மீது கடமை. அதற்கு வீடியோ கால் ஒரு நல்ல உதவி. ஆனால் லீவு கிடைத்தும், “தினமும்தான் பார்க்கிறோமே” என்று பயணத்தைத் தள்ளிப்போடுபவர்களும் இருக்கிறார்கள். திரையில் பார்க்கும் உம்மா உங்களைத் தொட்டுப் பார்க்க முடியாது. முடிந்தவர்கள் இந்த ஆண்டே ஒரு முறை வந்துவிட்டுப் போங்கள். தூரத்தில் இருக்கும் நம் அனைவரையும் அல்லாஹ் நலமோடு ஒன்று சேர்ப்பானாக.