வுட்ஸ்டாக் மேடையில் ஒரு காவி

சென்ற மாதம், கிடார் கற்றுக்கொள்ளும் என் பேரன், "தாத்தா, இதைப் பாருங்க" என்று கைப்பேசியை நீட்டினான். 1969-ல் அமெரிக்காவில் நடந்த வுட்ஸ்டாக் ராக் இசை விழா. கடல் போல் கூட்டம். மேடையில் தாடியும் காவியுமாக ஒருவர் அமர்ந்து பேசுகிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே காட்சியை என் பத்தொன்பதாம் வயதில் படமாகப் பார்த்திருக்கிறேன்.

நான் புதுச்சேரியில் சித்தப்பா வீட்டில் தங்கி பிரெஞ்சு வழியில் படித்தவன். பாரிஸிலிருந்த உறவினர் அனுப்பும் பழைய பிரெஞ்சுப் பத்திரிகைகள்தான் எனக்கு உலகம். அந்த வருடம் லீவுக்கு ஸ்ரீரங்கம் வந்தபோது, இந்தப் படம் வந்த இதழை அப்பாவிடம் பெருமையாகக் காட்டினேன். படத்தின் கீழே 'இந்தியக் குரு' என்று மட்டும் போட்டிருந்தது. பெயர் இல்லை. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கஞ்சாக் கூட்டத்துல காவிக்கு என்னடா வேலை?" என்று சொல்லி, பக்கத்தைக் கிழித்துப் போட்டார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அப்பா திருப்பராய்த்துறை தபோவனத்தின் பக்தர். சித்பவானந்தர் உரையெழுதிய பகவத்கீதை எப்போதும் தலைமாட்டில் இருக்கும். ஐப்பசி முதல் தேதி முதல் முழுக்குக்கு எங்களை அங்கே அழைத்துப் போய், காவிரியில் குளித்து, பராய்த்துறைநாதரைச் சேவித்து, தபோவனத்திலும் கும்பிட்டுவிட்டுத்தான் திரும்புவார்.

விழா தொடங்கியது ஆகஸ்டு 15, நம் சுதந்திர தினத்தன்று. பெத்தேல் என்ற ஊரில் ஒரு பால்பண்ணை நிலம். நாலு லட்சத்துக்கும் மேல் கூட்டம் வரவே, வேலியை முடிக்க முடியாமல் இலவச விழாவாக்கிவிட்டார்கள். சாலையெல்லாம் அடைபட்டு, முதலில் பாட வேண்டியவர்கள் வந்து சேரவில்லை. கையில் கிடைத்த ரிச்சி ஹேவன்ஸை மேடையேற்றினார்கள். அவர் தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்தபிறகு 'சுதந்திரம்' என்ற ஒரு சொல்லையே திரும்பத் திரும்பப் பாடி, அங்கேயே ஒரு பாட்டை உண்டாக்கினார். அதுவே அவருக்குப் பெரும் புகழ் தந்தது.

அடுத்து, ஹெலிகாப்டரில் வந்திறங்கிய அந்தக் காவி உடைக்காரர் பேசினார். ஒலிதான் உலகை இயக்குகிறது, அதே ஒலியால் போர் வெறியையும் ஏற்றலாம், அமைதியையும் தரலாம், உலகமே உங்களைப் பார்க்கிறது, விழா நல்லபடி நடப்பது உங்கள் கையில்தான் என்பது பேச்சின் சாரம். கூட்டம் அவரோடு சேர்ந்து 'ஹரி ஓம்' சொன்னது.

அவர்தான் சுவாமி சச்சிதானந்தா. கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் 1914-ல் பிறந்தவர். இயற்பெயர் ராமசாமி. மனைவியை இழந்தபின் துறவை நாடினார். 1949-ல் ரிஷிகேசத்தில் சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்று, இலங்கையில் சில ஆண்டுகள் இருந்து, 1966-ல் நியூயார்க் போனார்.

ஓய்வு பெற்றபின் அவர் வரலாற்றைப் படித்துக்கொண்டு வந்தேன். ஒரு வரியில் நின்றுவிட்டேன். ரிஷிகேசம் போவதற்கு முன், 1940-களில், அவர் பிரம்மச்சாரியாக தீட்சை பெற்றது ராமகிருஷ்ண தபோவனத்தில்! சாம்பசிவ சைதன்யர் என்பது அங்கே வைத்த பெயர். ஆதரவற்ற சிறுவர்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

சொல்வதற்கு அப்பா இல்லை. 1988-லேயே போய்விட்டார்.

இதையெல்லாம் பேரனிடம் சொன்னேன். "கொள்ளுத்தாத்தா கோபப்பட்டது தப்புதானே?" என்று கேட்டான். முழுத் தப்பு என்று சொல்ல மனம் வரவில்லை. அன்றிரவு அதே மேடையில் மழையில் சிதார் வாசித்த ரவிசங்கரே, கூட்டத்தைப் பார்த்தபோது சேற்றில் கிடக்கும் எருமைகள் நினைவுக்கு வந்ததாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தச் சேற்றுக்கு நடுவில் போய்ப் பேசவும் ஒருவர் வேண்டியிருந்தது. அவர் நம் காவிரிக்கரையில் இருந்துவிட்டுப் போனவர் என்று தெரிந்திருந்தால், அப்பா பத்திரிகையை என்னிடம் நீட்டி, "என்ன எழுதியிருக்கான், தமிழ்ல சொல்லுடா" என்று கேட்டிருப்பார்.

வருகிற ஐப்பசி முதல் முழுக்குக்குப் பேரனும் வருகிறேன் என்கிறான்.