ஒரு கையெழுத்தின் வரலாறு

"பதினெட்டு வயசு ஆகாத பொண்ணு கலைக்கப் போனா போலீஸ் வருமாமே, நெசமாக்கா?"

எங்கள் கூட்டங்களில் இந்தக் கேள்வியை யாரும் கை உயர்த்திக் கேட்பதில்லை. எல்லாம் முடிந்து பாய் சுருட்டும் நேரத்தில், "ஃபிரண்டுக்காகக் கேக்கிறேன்" என்ற முன்குறிப்போடு மெதுவாக வரும். ஒரு வரியில் பதில் சொல்ல முடிவதில்லை. கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது, தோழர்களே.

1860இல் வெள்ளையர் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 312ஆவது பிரிவு, பெண்ணின் உயிரைக் காப்பாற்ற அல்லாமல் கருவைக் கலைப்பது குற்றம் என்றது. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணுக்கும் தண்டனை உண்டு. அதற்கு மூன்றாண்டு கழித்து, 1863இல், ஜோதிராவ் ஃபுலேயும் சாவித்திரிபாயும் புனேயில் ஓர் இல்லம் திறந்தார்கள். மறுமணம் மறுக்கப்பட்டு, கருவுற்ற பிறகு கிணற்றையோ சிறையையோ பார்க்க வேண்டியிருந்த பார்ப்பன விதவைகள் அங்கே ரகசியமாக வந்து பிள்ளை பெற்றுக்கொள்ளலாம், விட்டுவிட்டும் போகலாம். அப்படி வந்த ஒருவரின் மகன் யஷ்வந்த்தான் அவர்களுடைய வளர்ப்பு மகன். அடையாளத்தைக் காப்பதும் சிகிச்சையின் பகுதிதான் என்று அவர்களுக்கு அன்றே தெரிந்திருந்தது.

1938 நவம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில் அண்ணல் அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சி கர்ப்பத்தடை வசதிகள் கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தது. அண்ணல் சார்பில் முன்வைத்தவர் பி.ஜே. ரோஹம். தீர்மானம் தோற்றது. இங்கே பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் 'கர்ப்பத்தடை' என்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. பிள்ளை பெறுவதைப் பெண்ணே முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் இருவர் வாதமும்.

1971இல் வந்த மருத்துவ முறை கருக்கலைப்புச் சட்டம் இந்த வழியில் வந்ததல்ல. 1964இல் அமைக்கப்பட்ட சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரையில் வந்தது. நாட்டாரின் முறைகளால் பெண்கள் சாவது குழுவுக்குக் கவலையாக இருந்தது உண்மை. ஆனால் அரசாங்கத்தின் தலையில் அப்போது மக்கள்தொகைப் பயமும் உட்கார்ந்திருந்தது. சட்டத்தைப் படித்துப் பாருங்கள்: உரிமை பெண்ணுக்கு இல்லை, மருத்துவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது. கருத்தடை தோற்றுப்போனதைக் காரணமாகச் சொல்லவும் 'திருமணமான பெண்ணுக்கும் கணவருக்கும்' மட்டுமே முடியும். 2021 திருத்தம்தான் அதை 'எந்தப் பெண்ணும்' என்று மாற்றியது.

சிறுமியைப் பற்றி 1971 சட்டம் சொன்னது ஒரே வாக்கியம். பதினெட்டு நிறையாத பெண்ணுக்கும் 'பைத்தியமான' பெண்ணுக்கும் பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். இருவரையும் ஒரே வரியில் வைத்தார்கள். 'பைத்தியம்' என்ற சொல்லைப் பின்னால் மாற்றினார்கள். கையெழுத்து அப்படியே இருக்கிறது.

ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பாதுகாவலர் என்றால் பெற்றோர்தான் என்று சட்டம் சொல்லவில்லை. அந்தப் பெண்ணைப் பராமரிப்பில் வைத்திருப்பவர் என்கிறது. பாட்டியோ பெரியம்மாவோ இருக்கலாம். ஆஸ்பத்திரி வாசலில் "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று திருப்பி அனுப்பப்படுகிறவளுக்கு இதை யாரும் சொல்வதில்லை. இதன் இன்னொரு முகமும் இருக்கிறது. 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் திண்டுக்கல், திருப்பூர் பக்கத்து நூற்பாலை விடுதிகளில் அடைக்கப்பட்ட நம் சேரிப் பெண்பிள்ளைகளுக்கு அந்தப் பராமரிப்பாளர் யார்? வார்டனா? அவரிடமா போய்ச் சொல்வது?

2012இல் போக்சோ வந்தது. பதினெட்டுக்குக் கீழே உறவு என்றாலே குற்றம், விரும்பிப் பழகியதும் அதில் சேரும். தெரிந்தவர் புகார் தராவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. மருத்துவர்கள் பயந்தார்கள். பெண்பிள்ளைகள் அவர்களைவிடப் பயந்தார்கள். காவல் நிலையம் சாதிக்கு வெளியே இருக்கும் இடமல்ல. காதலித்தவன் தலித் பையன் என்றால் வழக்கு வேகமாக ஓடும். பாதிக்கப்பட்டவள் தலித் பெண், செய்தவன் ஆதிக்கச் சாதி என்றால் முதலில் கட்டப்பஞ்சாயத்துதான் கூடும். அதனால்தான் எருக்கங்குச்சியும், யாரோ வாங்கித் தரும் பெயர் தெரியாத மாத்திரையும் இன்னும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

2022 செப்டம்பர் 29 அன்று நீதிபதி சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு ஒரு வழி திறந்தது. சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்குத் தரும் தகவலில் மருத்துவர் அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றமும் இதையே வலியுறுத்தியது. 2021 விதிகளின்படி சிறுமிகளுக்கு 24 வாரம் வரை, இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு, கலைக்க அனுமதி உண்டு. நாள் தள்ளத் தள்ள ஆபத்து கூடும் என்பதால் சீக்கிரம் போவதே நல்லது.

ஆகவே அந்தத் தங்கைக்கு நாங்கள் சொல்லும் பதில் இது: தகவல் போகும்; உன் பெயர் போக வேண்டியதில்லை; நீயும் உன்னோடு வருபவரும் அதை வாய்விட்டுக் கேட்க வேண்டும். போன மாதம் ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, தீர்ப்பு வந்த தேதியைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனாள்.