கொடைக் கல்வெட்டு எதற்குச் சான்று? குன்றாண்டார்கோவில் குடைவரையும் வாதத்தில் கூற்றின் பங்கும்

புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள குன்றாண்டார்கோவில் குடைவரையின் காலத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே தொடரில் அதைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள்: இங்கே நந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு உள்ளது, எனவே இது அவன் காலத்தில் குடையப்பட்டது. தொடரின் முற்பாதி உண்மை. இக்குடைவரையான பர்வதகிரீசுவரர் கோயிலின் பாறையில், நந்தி என்ற பெயருடைய பல்லவ அரசனின் ஆட்சியைச் சுட்டி, திருவாதிரை நாளில் உணவளிப்பதற்காகத் தரப்பட்ட கொடையைப் பதிவு செய்யும் எழுத்துகள் இருக்கின்றன. இன்னொரு பல்லவ அரசனான தந்திவர்மன் காலத்துப் பதிவும் உண்டு. புதுக்கோட்டைச் சமஸ்தானக் கல்வெட்டுகளின் மூலபாடம் 1929இல் நூலாக அச்சான காலம் முதல் இந்த ஊரின் கல்வெட்டுகள் ஆய்வாளர் கைக்கு எட்டியவை. தொடரின் பிற்பாதியும் உண்மையாக இருக்கலாம். நான் கேட்பது நடுவில் நிற்கும் ‘எனவே’ என்ற சொல்லைப் பற்றி. அந்தச் சொல் தன் தலையில் ஏற்றிக்கொண்ட சுமையைக் கொடைக் கல்வெட்டால் தாங்க முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒரு கூற்று மெய்யா பொய்யா என்பது ஒரு கேள்வி. வாதத்தில் அது என்ன வேலை செய்கிறது என்பது வேறொரு கேள்வி. போட்டித் தேர்வு எழுதும் தமிழ்நாட்டு இளைஞர்களுக்கு இந்த வேறுபாடு ‘கூற்று – காரணம்’ வினாக்களின் வழியே நன்கு அறிமுகமானது. கூற்றும் சரி, காரணமும் சரி, ஆனால் காரணம் கூற்றுக்குச் சரியான விளக்கமன்று என்று ஒரு விடை அங்கே எப்போதும் காத்திருக்கும். இரண்டு உண்மைகளை அருகருகே வைத்துவிட்டால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்பதைச் சோதிக்கும் விடை அது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சேர எழுதப்படும் எல்சாட் தேர்வு இன்னும் ஓரடி மேலே போகிறது. ஒரு சிறு பத்தியைத் தந்து, அதில் ஒரு வாக்கியத்தைச் சுட்டி, வாதத்தில் இதன் பங்கு என்ன என்று கேட்கிறது: இறுதி முடிவா, அதற்கு ஆதாரமா, ஒன்றால் தாங்கப்பட்டு இன்னொன்றைத் தாங்கும் இடைமுடிவா, மறுப்பதற்காக எடுத்துவைத்த பிறர் கருத்தா, ஒப்புக்கொண்டு விட்டுக்கொடுத்த செய்தியா? வாக்கியம் உண்மைதானா என்று அங்கே கேட்பதே இல்லை. இந்தப் பிரிவினையை வெறும் தேர்வு நுணுக்கமாகப் பார்ப்பது தவறு. வரலாற்றெழுத்தில் நேரும் பிழைகளில் கணிசமானவை உண்மையான கூற்றுகளைப் பொருந்தாத இடத்தில் நிறுத்துவதால் வருபவை.

தமிழில் இதற்கான கருவி புதிதாகச் செய்யப்பட வேண்டியதில்லை. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்கு அளவை கற்பிக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று வாதத்தின் ஐந்து உறுப்புகளைச் சொல்லி, பின்னிரண்டும் திட்டாந்தத்தில் அடங்கும் என்று சுருக்குகிறார். மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம், புகை இருப்பதால் என்பது ஏது, அடுக்களை திட்டாந்தம். ஒரே வாக்கியம் ஓரிடத்தில் பக்கமாகவும் வேறிடத்தில் ஏதுவாகவும் நிற்க முடியும் என்பதால், இவை வாக்கியங்களின் வகைகள் ஆகா. அவை ஏற்கும் பணிகளின் பெயர்கள். அதைவிட நமக்குப் பயன்படுவது அடிகள் தொகுக்கும் போலிகளின் பட்டியல். பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10. ஏதுப் போலிகளில் ஒன்று சாதாரண அநைகாந்திகம். நிறுவ வேண்டிய பண்பு உள்ள பொருள்களிலும் (சபக்கம்) அது இல்லாத பொருள்களிலும் (விபக்கம்) ஏது ஒருங்கே காணப்பட்டால், அந்த ஏது எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாது. ஒலி அழியக்கூடியது, அறியப்படுவதால் என்றால், அறியப்படுதல் அழியும் குடத்துக்கும் உண்டு, அழியாத ஆகாயத்துக்கும் உண்டு. ஒலி எதைப் போன்றது என்று எப்படி முடிவு கட்டுவது?

குன்றாண்டார்கோவில் வாதத்தை இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்க்கலாம். பக்கம்: குடைவரை நந்திவர்மன் காலத்தில் குடையப்பட்டது. ஏது: அவன் காலத்துக் கொடைப் பதிவு அங்கே இருக்கிறது. ஒரு மன்னன் காலத்தில் எழுந்த கோயிலில் அவன் காலக் கொடை பதிவாவதுண்டு. முன்பே எழுந்து வழிபாட்டில் இருந்த கோயிலிலும் பதிவாவதுண்டு. சபக்கமும் விபக்கமும் ஒருங்கே வந்துவிட்டன. இதற்கு வெளியூர் எடுத்துக்காட்டுத் தேட வேண்டாம். அதே கோயிலே போதும். தந்திவர்மன் காலப் பதிவை ஏதுவாக வைத்து அதே வாய்பாட்டை ஓட்டினால் குடைவரை தந்திவர்மன் காலத்தது என்று முடியும். இரண்டு முடிவும் சேர்ந்து நிற்க மாட்டா. அவற்றுள் முந்தியதை எடுத்துக்கொள்கிறோம் என்று பதில் சொல்லலாம். சரி, முந்தியது எதைச் சொல்கிறது? அந்த ஆண்டுக்குள் குடைவரை இருந்தது என்பதைச் சொல்கிறது. மேல் எல்லை கிடைத்துவிட்டது, அது சிறிய ஆதாயமும் இல்லை. கீழ் எல்லை இன்னும் திறந்தே கிடக்கிறது. இதில் மறைந்திருக்கும் ஓர் இடைமுடிவையும் கவனிக்க வேண்டும். பல்லவரில் நந்திவர்மன் என்ற பெயர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. இங்கே குறிக்கப்படுபவன் 731 அளவில் அரியணை ஏறி 60 ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட பல்லவமல்லன்தான் என்பது வேறு ஆதாரங்களின் மேல் நிற்கும் முடிவு. வழக்கமான தொடர் அதை அடித்தளச் செய்தி போல வைத்துவிடுகிறது.

கல்வெட்டே குடைவித்தலைச் சொல்லும் இடமும் இந்த வட்டாரத்தில் உண்டு. மலையடிப்பட்டியில், தந்திவர்மனின் 16ஆம் ஆட்சியாண்டில், விடேல்விடுகு முத்தரையன் ஆகிய குவாவன் சாத்தன் மலையைக் குடைந்து இறைவனை எழுந்தருளச் செய்த செய்தி கல்லில் இருக்கிறது. அங்கே வினையே குடைதல். ஆண்டு, ஆள், செயல் மூன்றும் ஒரே வாக்கியத்தில் கட்டுண்டு கிடப்பதால் ‘எனவே’ தாண்ட வேண்டிய தூரம் மிகக் குறைவு. சித்தன்னவாசல் மூன்றாவது வகை. பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அகமண்டபத்தைப் புதுக்கி முகமண்டபத்தை எழுப்பினான் என்கிறது அங்குள்ள பாட்டு வடிவக் கல்வெட்டு. புதுக்குதல் என்ற வினை, புதுக்கப்படுவதற்கு ஏற்கெனவே ஒன்று இருந்தது என்பதைத் தன்னுள்ளேயே அடக்கியிருக்கிறது. அங்குள்ள ஓவியங்கள் பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தவை என்று முன்பு கருதப்பட்டதை மறுபரிசீலனை செய்ய வைத்ததில் இந்தக் கல்வெட்டுக்குப் பெரும் பங்குண்டு. குடைவரை 9ஆம் நூற்றாண்டில்தான் தோன்றியது என்று நிறுவ அதே கல்வெட்டைக் காட்டினால், அது அந்த வாதத்துக்கு எதிராகவே பேசும். குடைந்தான், புதுக்கினான், கொடுத்தான். மூன்று ஊர்களின் மூன்று கல்வெட்டுகளும் மூன்று வேறு பங்குகளை ஏற்கின்றன. ‘கல்வெட்டுச் சான்று’ என்ற ஒற்றைத் தலைப்பின் கீழ் அவற்றைக் கொட்டும்போது வினைச்சொல் காணாமல் போகிறது.

வரலாறு நெருப்பும் புகையுமன்று, அங்கே ஐயத்துக்கு இடமில்லாத ஏது கிடைக்காது, பல சான்றுகள் ஒரே திசையில் சாய்ந்தால் போதும் என்று இதற்கு மறுப்பு வரும். எழுத்தமைதி, தூண்களின் சதுர–கட்டு அமைப்பு, வாயிற்காவலர் உருவங்கள் யாவும் 8ஆம் நூற்றாண்டையே காட்டுகின்றனவே என்பார்கள். இந்த மறுப்பில் வலு இருக்கிறது, முடிவு 8ஆம் நூற்றாண்டாகவே இருப்பதில் எனக்கு விரோதமில்லை. ஆனால் மறுப்பு உண்மையில் செய்வது என்ன? சுமையைக் கல்வெட்டிலிருந்து இறக்கித் தூணின் மேல் வைக்கிறது. அப்படியானால் அதைச் சொல்லி எழுத வேண்டும்: மேல் எல்லை கல்வெட்டால், கீழ் எல்லை கட்டடக் கலை ஒப்பீட்டால், முடிவு இரண்டும் சேர்ந்ததால். சொல்லி எழுதினால்தான் அடுத்த ஆபத்து கண்ணில் படும். ஒப்பீட்டுக்குக் கொண்டுவரும் பிற குடைவரைகளின் காலமும் அவற்றிலுள்ள கொடைக் கல்வெட்டுகளைக் கொண்டே குறிக்கப்பட்டிருந்தால், ஏதுவே இன்னும் நிறுவப்படாதது. மணிமேகலை இதை அசித்தம் என்ற வகையில் வைக்கும். ஆகவே ஒப்பீட்டுக்கு முதலில் அழைக்க வேண்டியவை மலையடிப்பட்டி போல வினையே சாட்சி சொல்லும் இடங்கள்.

இன்னொரு மறுப்பு கருவியைப் பற்றியது. மணிமேகலையின் உறுப்புகள் அனுமானத்தின் உறுப்புகள், ஓடும் உரைநடையில் விட்டுக்கொடுத்த செய்திக்கும் எதிர்க்கருத்துக்கும் அங்கே இடமில்லை என்று ஒருவர் சொல்லலாம். உண்மைதான், எல்சாட் கேட்கும் பங்குகள் அனைத்தும் அந்தக் காதையில் இல்லை. விடுபட்டதைத் தமிழ் உரைமரபு நிரப்புகிறது. சேனாவரையர் தொல்காப்பியச் சொல்லதிகார உரையில் இளம்பூரணரை ‘உரையாசிரியர்’ என்று சுட்டி, அவர் கருத்தை முதலில் வைத்து, பிறகு அதோடு மோதுகிறார். ‘எனின்’ வந்தால் அதற்கு முன் நிற்பது பிறர் கூற்று. ‘ஆகலான்’ வந்தால் அதற்கு முன் நிற்பது ஏது. ‘ஆயினும்’ வந்தால் அதற்கு முன் நிற்பது விட்டுக்கொடுத்தது. இந்த இடைச்சொற்களைத் தொடர்ந்து படித்தவர் எந்தத் தேர்வுப் பத்தியையும் அச்சமின்றிப் பிரித்துவிடுவார். ஆனால் ஒன்று: இச்சொற்கள் எழுதியவர் தம் கூற்றுக்குத் தர நினைத்த பங்கைக் காட்டுமே தவிர, அதை நிறைவேற்றும் தகுதி கூற்றுக்கு உண்டா என்று காட்டா. குன்றாண்டார்கோவில் தொடரில் ‘எனவே’ தன் இடத்தில் இலக்கணப் பிழையின்றித்தான் இருக்கிறது.

குடைவரைக்கு முன்னே விசயநகரக் காலத்து மண்டபம் ஒன்று நிற்கிறது. அடித்தளத்தில் சக்கரங்கள், இழுக்கும் குதிரைகள் என்று தேராகவே செதுக்கப்பட்டது அது. கருவறைக்குள் போகிறவர் இந்தத் தேரைக் கடந்தே போக வேண்டும். ஆனாலும் அந்த மண்டபத்தைக் காட்டிக் குடைவரை விசயநகரக் காலத்தது என்று எவரும் வாதிட்டதில்லை. பின்னால் வந்து சேர்ந்தது என்று கண்ணே சொல்லிவிடுகிறது. கொடைக் கல்வெட்டும் பாறையில் பின்னால் வந்து சேர்ந்ததுதான். அது ஒரு மாதம் கழித்து வந்ததா, ஒரு நூற்றாண்டு கழித்து வந்ததா என்பதைக் கல்லைப் பார்த்த கண்ணால் சொல்ல முடிவதில்லை. இக்கோயிலைப் பற்றி எழுதுவோர் முதல் தொடரை இப்படித் தொடங்கலாம்: நந்திவர்மன் காலத்தில் இக்கோயில் வழிபாட்டில் இருந்தது, திருவாதிரைக்குச் சோறு போட அங்கே கொடையும் வந்தது, அதைக் குடைந்தவர் யார், எப்போது என்பதற்கான சான்று பின்வருமாறு.