முற்றுப்பெறாத கூரை

லேக் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இந்நாளில் மகனோ மகளோ அமெரிக்காவில் இருக்கின்றனர். அவர்களைக் காணச் செல்வோர் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையின் தலைமையகத்தையும் பார்த்துவிட்டே திரும்புகின்றனர். நாமும் அவ்வாறு பார்த்து வந்தோம். அந்த மாளிகையின் சரித்திரத்தில் தமிழ்நாட்டாருக்கு ஒரு பங்கு உண்டு. நாம் குடியேறி வாழும் இந்த வங்க நகருக்கும் ஒரு துயரமான தொடர்பு உண்டு. அங்கு வழிகாட்டியவர் அவற்றைச் சொல்லவில்லை. ஆதலின் அவற்றை இங்கே கூற முற்படுகிறோம்.

கிழக்கு ஆற்றங்கரையில் முப்பத்தொன்பது மாடிகளுடன் காரியாலயம் நிற்கும் அந்நிலம், முன்னர் இறைச்சிக் கூடங்கள் மலிந்திருந்த இடம். 1946 டிசம்பரில் இளைய ஜான் ராக்பெல்லர் அளித்த 85 இலட்சம் டாலர் நன்கொடையால் அது சபைக்குக் கிடைத்தது. 1949 அக்டோபர் 24-ஆம் நாள் மூலைக்கல் நாட்டினர். 1952-இல் பொதுச்சபை மண்டபம் திறந்தது. சொந்த வீடு கட்டி முடியும் வரை சபை, லாங் ஐலண்டில் 'லேக் சக்சஸ்' என்னும் ஊரில், யுத்த தளவாடம் செய்த தொழிற்சாலை ஒன்றில் ஒண்டுக் குடித்தனம் நடத்தியது. 1948 ஜனவரியில் காஷ்மீர் வழக்கில் இந்தியாவுக்காக அங்கே வாதாடியவர் தஞ்சை மாவட்டத்தவரான கோபாலசாமி ஐயங்கார். 'லேக்' என்றதும் நம்மவர்க்கு நினைவு வருவது என்னவோ ராஷ்பிஹாரி அவென்யூச் சந்தைதான்!

மாளிகையினுள் மூன்று மன்றங்களை மூன்று நாடுகள் அமைத்துக் கொடுத்தன. பாதுகாப்புச் சபையின் மன்றம் நார்வேயின் கொடை. தர்மகர்த்தா சபையுடையது டென்மார்க்கின் கொடை. மூன்றாவதான பொருளாதார சமூக சபையின் மன்றத்தை ஸ்வீடன் நாட்டுச் சிற்பி ஸ்வென் மார்க்கெலியஸ் அமைத்தார். அங்கே பார்வையாளர் அமரும் பகுதிக்கு மேலே கூரை மூடப்படாமல் இருக்கிறது. குழாய்களும் காற்றுப் பாதைகளும் அப்படியே கண்ணில் படுகின்றன. பணம் போதாமையால் விட்டதன்று. வறுமையையும் பிணியையும் போக்கும் பணி முடிவடையாத பணி என்று காட்ட வேண்டுமென்றே விட்டதாகச் சொல்கிறார்கள். 2013-இல் மன்றத்தைப் புதுப்பித்தபோதும் அதனை மூடவில்லை.

இந்தச் சபைக்கு முதல் தலைவராக வீற்றிருந்தவர் ஒரு தமிழர். ஆர்க்காடு இராமசாமி முதலியார். 1946 ஜனவரி 23-ஆம் நாள், இம்மாளிகை எழுமுன், லண்டன் நகரில் பதினெட்டு நாடுகளின் பிரதிநிதிகள் கூடிய முதற் கூட்டத்தில் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்கு முந்திய ஆண்டு சான்பிரான்சிஸ்கோ மகாநாட்டில் பொருளாதார சமூக ஒத்துழைப்பை ஆராய்ந்த குழுவுக்கும் அவரே தலைவர். 1945 ஜூன் 26-ஆம் நாள் ஐம்பது நாடுகள் சாசனத்தில் ஒப்பமிட்டன. இந்தியாவின் பெயரால் ஒப்பமிட்ட இருவரில் ஒருவர் முதலியார்; மற்றவர் கரூர்ப் பக்கத்து வாங்கல் கிராமத்தில் பிறந்த வி. டி. கிருஷ்ணமாச்சாரி. சாசனத்தில் இந்தியாவுக்காக இட்ட கையெழுத்து இரண்டும் தமிழர் கையெழுத்து!

பெருமைதான். ஆனால் அவர்களை அனுப்பியது எந்த அரசாங்கம்? வெள்ளையரின் அரசாங்கம். இப்பிரதிநிதிகள் இந்திய மக்களின் குரலாகார் என்று சான்பிரான்சிஸ்கோவுக்கே சென்று எடுத்துரைத்தார் விஜயலக்ஷ்மி பண்டிட். அன்று அவருக்கு மகாநாட்டில் ஆசனம் இல்லை. எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1953-இல், அவரே பொதுச்சபையின் தலைவரானார்.

அவர் கூறியதன் பொருளைக் கல்கத்தாவாசிகள் நன்கறிவர். 1943-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கிராமங்களைவிட்டு இந்நகர வீதிகளுக்கு வந்தவர்கள் சோறு கேட்கவும் துணியவில்லை. 'ஃபேன் தாவ்' என்று வடிகஞ்சி கேட்டனர். கஞ்சி வடித்துச் சோறாக்கும் நம்மவர் வீட்டு வாயில்களிலும் அக்குரல் கேட்டதென்று இப்பகுதியின் பழைய குடும்பங்களில் இன்றும் சொல்வதுண்டு. சாசனம் ஒப்பமான அதே 1945-ஆம் ஆண்டில் வெளிவந்த பஞ்ச விசாரணைக் கமிஷனின் அறிக்கை, மாண்டவர் சுமார் பதினைந்து இலட்சம் என்றது. முப்பது இலட்சம் வரை இருக்கும் என்பது பிற்கால ஆய்வாளர் பலரின் கணக்கு.

அக்காலத்தில் முதலியார் வைசிராயின் நிர்வாக சபையில் அங்கத்தினர். 1942-இல் சர்ச்சிலின் யுத்த மந்திரிசபையிலும் இந்தியாவின் பிரதிநிதியாக நியமனம் பெற்றவர். உணவு இலாகா அவர் வசம் இல்லை. தானியக் கப்பல்களை எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்கும் அதிகாரமும் அவர் கையில் இல்லை. ஆகவே அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமன்று. ஆயினும் அந்த அரசாங்கத்தில் அவர் இருந்தார் என்பதை மறைத்துவிட்டு, 'முதல் தலைவர் நம் தமிழர்' என்று மட்டும் மார்தட்டுவது சரித்திரம் ஆகாது. பஞ்சத்தைத் தடுக்க இயலாத ஓர் ஆட்சியின் அங்கத்தினர், உலகத்தின் பசியை ஆராயப் பிறந்த சபைக்கு முதல் தலைவரானார். தம் மனத்தில் அவர் இவ்விரண்டையும் எவ்வாறு பொருத்திக்கொண்டாரோ! திறந்து கிடந்த அக்கூரையை அண்ணாந்து பார்த்தபோது நம் மனத்தில் ஓடியது இதுவே.

மாளிகையின் அடித்தளத்தில் ஒரு தபால் நிலையம் உண்டு. அங்கே விற்கும் சபையின் தபால் தலைகளை ஒட்டிய கடிதங்களை அங்கிருந்தே அனுப்ப வேண்டும். வெளியே வீதித் தபால் பெட்டியில் போட்டால் அவை செல்லா. நம் தெருவில் தொண்ணூறு கடந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். சிறுவனாக இருந்தபோது தாயார் கையில் கொடுத்த வடிகஞ்சிச் செம்பை வாசலுக்கு எடுத்துச் சென்றவர். கூரைச் செய்தியை ஓர் அட்டையில் எழுதி, அவருடைய லேக் மார்க்கெட் விலாசத்தைக் குறித்து, அங்கேயே தபாலில் சேர்த்தோம்.